தேங்காய்த் தொப்பிக்குள் யார் யாரைத் தின்பது?

இது சிலந்திப்பேன்களைப் பற்றிய கட்டுரை. பேன் என்றதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு பக்கத்துத் தாளில் இருக்கும் விடுகதைக்குப் போய்விடாதீர்கள். நம் வீட்டுச் சட்னியோடு சம்பந்தப்பட்ட விஷயம் இது. அதோடு நான் செய்த ஒரு கொலையையும் இதில் ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

எங்கள் அப்பத்தாவுக்கு வைகைக் கரைப்பக்கம் பதினோரு தென்னை மரம் இருக்கிறது. தோப்பு என்று சொன்னால் சிரிப்பீர்கள், வரப்பில் நிற்கிற மரங்கள்தான். ஆனால் அப்பத்தாவின் மாத்திரைச் செலவு, வெற்றிலை பாக்குச் செலவு, சித்திரைத் திருவிழாவுக்கு எங்களுக்குக் கொடுக்கிற காசு எல்லாம் அந்தப் பதினோரு மரத்திலிருந்துதான் வருகிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு வெட்டு. போன வெட்டில் காய் எடுக்க வந்த வியாபாரி, குவியலைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாதிக்குப் பாதி சொறிக்காயா இருக்கே ஆத்தா. இதெல்லாம் ரெண்டுக்கு ஒண்ணுதான் எண்ணுவேன்" என்று சொல்லிவிட்டார். அதாவது இரண்டு காய் அவர் கணக்கில் ஒரு காய். அப்பத்தா ஒன்றுமே பேசவில்லை. அன்றைக்கு ராத்திரி சித்தப்பாதான், "நாளைக்கே மருந்து வாங்கியாந்து மரம் பூரா அடிச்சு விட்டுர்றேன்" என்று குதித்தார்.

சொறிக்காய் எது என்று எல்லோருக்கும் தெரியும். காயின் மேல்பக்கம் பழுப்பாகி, வெடித்து, பாளம் பாளமாகத் தழும்பு ஓடியிருக்கும். சிலது சிறுத்துக் கோணலாக இருக்கும். மட்டை இறுகிப் போய், உரிக்கிறவர் கை வலிக்கும். இதைச் செய்வது ஈரியோபைட் என்று ஊரில் சொல்கிற ஒரு பேன். அதன் முழுப்பெயர் அசேரியா கெரெரோனிஸ். மெக்சிகோ நாட்டில் கெரெரோ என்ற மாநிலத்தில் எடுத்த பேனைப் பார்த்து 1965ல் கெய்ஃபர் என்ற ஆராய்ச்சியாளர் வைத்த பெயர். 1997 கடைசியில் இலங்கையில் கற்பிட்டிப் பக்கம் தென்பட்டது. 1998ல் கேரளாவில் எர்ணாகுளம் மாவட்டத்தில் தெரியவந்தது. அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு வர ரொம்ப நாள் ஆகவில்லை. காற்றில் பறந்து வரும் பொருளுக்கு வாளையாறு செக்போஸ்ட் ஒரு தடையா?

இது பூச்சி இல்லை. பூச்சிக்கு ஆறு கால். சிலந்திப் பேன்களுக்கு எட்டுக் கால். இந்த ஈரியோபைட்டுக்கோ முன்பக்கம் நாலே நாலு கால்தான், மீதி உடம்பு புழு மாதிரி. நீளம் கால் மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். நம் ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் கோட்டுக்குள் நாலு பேர் வரிசையாகப் படுக்கலாம். முட்டையிலிருந்து முழுப்பேன் ஆகப் பத்து நாள் போதும். ஒரு காய்க்குள் ஆயிரக்கணக்கில் இருக்கும். (ஓரத்தில் ஒட்டியிருக்கும் படம் நான் வரைந்தது. கால்கள் தடியாக வந்துவிட்டன, மன்னிக்கவும்.)

இது குடியிருக்கிற இடம்தான் முக்கியம். குரும்பையின் தலையில், காம்போடு சேர்ந்து, தொப்பி கவிழ்த்த மாதிரி இதழ்கள் இருக்கும் அல்லவா? அந்தத் தொப்பிக்குள் இருக்கும் இளம் தோலில் உட்கார்ந்துகொண்டு சாற்றை உறிஞ்சும். வெயில் படாது, மழை படாது, மருந்தும் லேசில் போகாது. முதலில் தொப்பிக்குக் கீழே முக்கோணமாக ஒரு வெள்ளைத் திட்டு தெரியும். காய் பெருக்கப் பெருக்க அந்தத் திட்டு கீழே இறங்கி, பழுப்பாகி வெடிக்கும்.

இதை எங்கள் விலங்கியல் டீச்சரிடம் சொன்னேன். "கீழே விழுந்த குரும்பை, கையெட்டும் மரத்துக் குரும்பை கொஞ்சம் கொண்டு வா, பார்ப்போம்" என்றார். சனிக்கிழமை நானும் என் தம்பியும் பன்னிரண்டு குரும்பை சேர்த்தோம். திங்கட்கிழமை வரை பொறுமை இல்லாமல், வீட்டுத் திண்ணையிலேயே பிளேடால் தொப்பியைப் பிரித்து, பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்தேன். வெள்ளைத் தூசி கொட்டினாற்போல ஏதோ இருந்தது. அந்தத் தூசிக்கு நடுவில், வைக்கோல் நிறத்தில், தட்டையாக, கொஞ்சம் பெரிதாக ஒன்று சர்ரென்று ஓடியது. "மாட்டுனாண்டா திருடன்!" என்று தம்பி கத்தினான். நகத்தால் ஒரே நசுக்கு. அடுத்த குரும்பையில் இன்னொன்று. மொத்தம் நாலு பேரை நசுக்கிவிட்டுப் பெருமையாகப் பள்ளிக்கூடம் வந்தேன்.

டீச்சர் மிச்சம் இருந்த குரும்பையை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். தூசி என்று நான் விட்டுவைத்ததுதான் திருடன். நெளிந்து நெளிந்து நூற்றுக்கணக்கில் இருந்தது. "ஓடுனதா? ஓடுனதை ஏம்மா கொன்னே? அதுதானே இதைத் தின்னுக்கிட்டு இருந்துச்சு" என்றார். எனக்கு முகம் செத்துப் போச்சு. தோட்டத்துக்குள் திருடன் உட்கார்ந்திருக்க, அவனைத் துரத்தி வந்த காவல்காரனை அடித்துக் கொன்ற கதை.

அந்த ஓடுகிற ஆளைப் புத்தகத்தில் இரைவிழுங்கி என்கிறார்கள். நான் இந்தக் கட்டுரையில் வேட்டைப்பேன் என்று எழுதுகிறேன். இதற்குக் கண்ணே கிடையாது. வாசனையையும் தொடுதலையும் வைத்தே இரையைத் தேடிப் பிடித்து, குத்தி, சாற்றை உறிஞ்சிவிடும். தென்னையில் நம் நாட்டிலும் இலங்கையிலும் பதிவாகியிருக்கிற வேட்டைப்பேன்களில் இரண்டு பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்: நியோசியூலஸ் பராக்கி, நியோசியூலஸ் பாஸ்பலிவோரஸ். நான் கொன்றது இதில் எது என்று கேட்டேன். லென்ஸில் பார்த்துச் சொல்ல முடியாதாம். கண்ணாடித் தகட்டில் பதித்து, பெரிய மைக்ராஸ்கோப்பில் முதுகு முடிகளை எண்ணி, அளந்து பார்க்கிற நிபுணர்தான் சொல்ல முடியும். ஆகவே பெயர் தெரியாத நாலு பேரைக் கொன்றிருக்கிறேன்.

எனக்கு ஒரு சந்தேகம். காவல்காரன் இருந்தும் காய் ஏன் சொறி ஆகிறது? இதற்கு இலங்கையில் அழகாக அளந்து பார்த்திருக்கிறார்கள், 2007ல் வெளிவந்தது. பராக்கியின் உடம்புக் குறுக்களவு ஈரியோபைட்டைப்போல மூன்று மடங்கு. பேன் பிடிக்காத நல்ல காயில், தொப்பிக்கும் காய்க்கும் நடுவில் இருக்கும் இடுக்கு திருடன் நுழையப் போதும், காவல்காரன் நுழையப் போதாது. பேன் உள்ளே போய்ச் சாறு உறிஞ்சி, காய் காயம்பட்ட பிறகு அந்த இடுக்கு அகலமாகிறது. அப்போதுதான் பராக்கி உள்ளே போக முடிகிறது. வீட்டுக்குள் திருடன் போன பிறகுதான் கதவே திறக்கிறது! முதல் காயம் பட்டே தீரும். பராக்கி உடம்பு தட்டையாகவும் நீளமாகவும் இருப்பதால் அந்த அளவாவது நுழைகிறது, குண்டான வேட்டைப்பேன் என்றால் அதுவும் இல்லை. பிரேசில் நாட்டுத் தென்னைகளில் புரோக்டோலேலாப்ஸ் என்று ஒரு பெரிய வேட்டைப்பேன் உண்டு. அது நிறையத் தின்னும், ஆனால் இடுக்கான மூலைக்குப் போக முடியாது. அந்த மூலைக்குப் போவது ஒல்லியான பாஸ்பலிவோரஸ்.

இந்த இடத்தில்தான் வகுப்பில் ஒரு நண்பன் எழுந்து, "அப்ப ரெண்டு மூணு ஜாதி வேட்டைப்பேனைச் சேர்த்து வாங்கி மரத்துல விட்டா வேலை சீக்கிரம் முடிஞ்சுராதா டீச்சர்?" என்று கேட்டான். எல்லோரும் தலையை ஆட்டினோம். எனக்கும் அதுதான் தோன்றியது. ஒருவன் வெளியே, ஒருவன் உள்ளே. டீச்சர் பதில் சொல்லவில்லை. மறுநாள் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையின் சுருக்கத்தை அச்செடுத்து வந்து கொடுத்து, "படிச்சிட்டு நீயே சுவர் இதழுக்கு எழுது" என்றார். ஆங்கிலம், ஒவ்வொரு வரியும் மூன்று தடவை படித்தேன். ஆகவே இனி வருவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஆப்பிரிக்காவில் பெனின், தான்சானியா என்று இரண்டு நாடுகள். அங்கேயும் தென்னை உண்டு, இதே ஈரியோபைட் உண்டு. அங்கே ஒரே மரத்தில் இரண்டு வேட்டைப்பேன்கள் சேர்ந்து இருக்கும். ஒன்று நாம் மேலே பார்த்த பாஸ்பலிவோரஸ். இன்னொன்று நியோபராக்கி (பராக்கிக்குப் பெயரில் சொந்தம், ஆள் வேறு). இந்த இரண்டையும் சேர்த்து வைத்தால் என்ன நடக்கும் என்று சோதித்து 2012ல் எழுதியிருக்கிறார்கள்.

முதலில் ஈரியோபைட்டே இல்லாமல், ஒரு இனத்தின் பெண்ணிடம் மற்ற இனத்தின் குஞ்சுகளை விட்டார்கள். நியோபராக்கி ஒரு நாளைக்கு பாஸ்பலிவோரஸ் குஞ்சுகளில் 19ஐக் கொன்றது. பாஸ்பலிவோரஸ் பதிலுக்கு நியோபராக்கி குஞ்சுகளில் 7ஐத்தான் கொன்றது. சரி, பசி, வேறு சாப்பாடு இல்லை, கொல்கிறது என்று நினைக்கலாம். அதனால் அடுத்து நடுவில் ஈரியோபைட்டையும் வைத்தார்கள், அதாவது இலையில் சாப்பாடு போட்டாகிவிட்டது. பாஸ்பலிவோரஸ் சாப்பாட்டைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுக் குஞ்சைக் கொல்வதைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. நியோபராக்கி? கொஞ்சம்தான் குறைத்தது. முன்னால் இலை நிறையச் சோறு இருக்க, அது பக்கத்து இலைக்காரனை அடித்துக்கொண்டே இருந்தது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இன்னொரு கணக்கு. 19 பேரைக் கொன்ற நியோபராக்கி, நாளொன்றுக்கு இட்ட முட்டை சராசரி 0.36. ஏழு பேரைக் கொன்ற பாஸ்பலிவோரஸ் இட்டது 0.35. கிட்டத்தட்ட சமம்! கொன்றதற்கேற்ற வரவு இல்லை. இதை நான் கணக்கு சாரிடம் காட்டினேன். "ஒருத்தன் ஏழு ரூபாயில் செய்யுற வியாபாரத்தை இன்னொருத்தன் பத்தொன்பது ரூபாய் போட்டுச் செய்யுறான்" என்றார். சரியான உதாரணம். ஆக, நியோபராக்கி பசிக்காக மட்டும் கொல்லவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. நாளைக்கு அந்தக் குஞ்சு வளர்ந்து தன் சாப்பாட்டுக்குப் போட்டியாக வரும் என்பதாலோ என்னவோ. இது என் யூகம், கட்டுரையில் இருப்பது இல்லை.

தன் இனத்துக் குஞ்சையே தின்னுமா என்றும் பார்த்திருக்கிறார்கள். வேறு இரை இல்லாதபோது நியோபராக்கி 1.8, பாஸ்பலிவோரஸ் 1.2. அவ்வளவுதான். அன்னியன் என்றால் 19, சொந்தம் என்றால் இரண்டுகூட இல்லை. கண் இல்லாத ஜீவன், சொந்தக்காரனை எப்படிக் கண்டுபிடிக்கிறது பாருங்கள்!

ஆனால் எல்லா வேட்டைப்பேனும் இப்படி இல்லை. கண்ணாடிக் குடில்களில் வெள்ளரி, தக்காளி வளர்க்கிறவர்கள் காசு கொடுத்து வாங்கி விடுகிற ஃபைட்டோசியூலஸ் பெர்சிமிலிஸ் என்று ஒன்று உண்டு. 1958ல் சிலி நாட்டிலிருந்து ஆர்க்கிட் செடியோடு தற்செயலாக ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தது. அது செஞ்சிலந்தி மட்டுமே தின்னும், வேறு எதிலும் கை வைக்காத ஒரே சாப்பாட்டு ஆள். அதற்குத் தன் குஞ்சு, பிறர் குஞ்சு வித்தியாசம் தெரிவதில்லை. கண்டதையும் தின்கிற, மகரந்தம் கிடைத்தால் அதையும் தின்கிற பொதுப்படையான இனங்களுக்குத்தான் வித்தியாசம் தெரிகிறது, அவை அடுத்தவன் குஞ்சாகப் பார்த்துத் தின்கின்றன. செஞ்சிலந்தி தீர்ந்து போகிற சமயத்தில் இந்த இரண்டு வகையும் ஒரே செடியில் இருந்தால் எது மிஞ்சும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள். ஆனால் ஒரே செடியில் இரண்டு அறை இருந்தால்? அதற்கும் உதாரணம் உண்டு, நமக்குத் தெரிந்த மரவள்ளிச் செடியில். தென் அமெரிக்காவிலிருந்து பச்சைச் சிலந்திப்பேன் ஒன்று 1971 வாக்கில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து மரவள்ளியை அழித்தது. அங்கே மரவள்ளி என்றால் நமக்கு அரிசி மாதிரி. பிரேசிலிலிருந்து வேட்டைப்பேன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அதில் 1993ல் பெனினில் விட்ட டிஃப்லோட்ரோமாலஸ் அரிப்போ பல நாடுகளுக்குப் பரவி நிலைத்துவிட்டது. அது பகல் முழுக்கச் செடியின் கொழுந்து நுனிக்குள் ஒளிந்திருக்கும், ராத்திரி இலைக்கு இறங்கி வந்து வேட்டையாடும். அதன் உறவுக்கார இனமான மனிஹோட்டி இலையிலேயே குடியிருக்கும். ஆளுக்கொரு இடம் என்று இருப்பதால் உரசல் குறைகிறது. தேங்காய்த் தொப்பிக்குள் அந்த வசதி இல்லை. இருப்பது ஒரே ஒரு இடுக்கு. இன்னொருவன் வந்தால் தள்ளி உட்காரக்கூட இடமில்லை.

நம் மாநிலத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், அது பேன் இல்லை, குளவி. 2008ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தெரிந்து, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் வெள்ளை பூசியது. 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று இன ஒட்டுண்ணிக் குளவிகளைப் பெங்களூருக்குக் கொண்டுவந்து, வளர்த்து விட்டார்கள். மூன்று வந்தது, ஆனால் வேலையை முடித்தது அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற ஒன்றுதான் என்று சொல்லலாம். பேர் நிறைய இருந்தால் வேலை நடக்கும் என்பது கல்யாண வீட்டுக்குப் பொருந்தலாம். (அங்கேயும் சந்தேகம்தான்.)

அதனால்தான் இலங்கையில் லுணுவிலயில் இருக்கிற தென்னை ஆராய்ச்சி நிலையத்தில், இருக்கிற பராக்கியையே வளர்த்து, மரத்தில் விட்டுப் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். ஈரியோபைட்டை வளர்த்து அதற்குப் போட முடியாது என்பதால், தானியத்தில் வரும் ஒரு வகைப் பேனைத் தீனியாகக் கொடுத்து வளர்க்கிறார்கள். அப்படி விட்ட மரங்களில் ஈரியோபைட் குறைந்தது என்று 2010ல் எழுதியிருக்கிறார்கள். ஒழிந்தது என்று எழுதவில்லை, குறைந்தது என்றுதான். கதவு திறக்கிற கதைதான் உங்களுக்குத் தெரியுமே.

சரி, எங்கள் பதினோரு மரம் என்ன ஆனது?

சித்தப்பா மருந்து வாங்கி வைத்துவிட்டார். கூலிக்கு மரம் ஏறுகிறவரிடமும் சொல்லிவிட்டார். நான் மைக்ராஸ்கோப்பில் பார்த்ததை எல்லாம் சொன்னேன். "படிக்கிற பிள்ளை சொல்றதும் கேட்டுக்கிறணும், ஆனா காசு போனா யாரு குடுப்பா?" என்றார். நியாயமான கேள்விதான். அப்போது டீச்சர் சொன்ன ஒரு விஷயம் கைகொடுத்தது. ஈரியோபைட் பிடிப்பது சின்னக் குரும்பையில். காய்க்கு நாலைந்து மாதம் ஆகும்போது கூட்டம் உச்சத்தில் இருக்கும், முற்ற முற்றக் குறைந்துவிடும். தேங்காய் வெட்டுக்கு வர ஏறக்குறைய பன்னிரண்டு மாதம். அப்படியானால் வியாபாரி காலால் புரட்டிப் பார்த்த தழும்பு எல்லாம் ஏழெட்டு மாதத்துக்கு முந்தின காயம். இப்போது என்ன மருந்து அடித்தாலும் அடுத்த நாலு வெட்டில் வருகிற காயின் தழும்பு அழியப் போவதில்லை. நான் இதைச் சொன்னதும் சித்தப்பா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ரெண்டு தடவை எண்ணினார்.

கஷ்டம் என்னவென்றால், இதே கணக்கு அப்பத்தாவுக்கும் பொருந்தும். நாங்கள் எது செய்தாலும், செய்யாவிட்டாலும், இன்னும் நாலு வெட்டுக்கு "ரெண்டுக்கு ஒண்ணு"தான். இதை அப்பத்தாவிடம் யார் சொல்வது என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் நான்தான் சொன்னேன். "அம்புட்டு நாளா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "சரி, உரத்தையாச்சும் ஒழுங்கா வைக்கச் சொல்லு உங்க சித்தப்பனை" என்றது. வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வதும் அதைத்தான். மரத்துக்கு வருஷத்துக்கு வேப்பம்புண்ணாக்கு 5 கிலோ, போராக்ஸ் 50 கிராம், மற்ற உரங்களோடு பொட்டாஷ் கூடுதலாக. தெளிக்கிறதாக இருந்தால் வேப்பெண்ணெய் பூண்டுக் கரைசல், அதுவும் இளங்குலைகளுக்கு.

சித்தப்பா வாங்கிய மருந்தை ஒரேயடியாக வேண்டாம் என்று ஒதுக்க மனசு வரவில்லை அவருக்கு. பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். மூன்று மரத்துக்கு அந்த மருந்து. மூன்று மரத்துக்கு வேப்பெண்ணெய்ப் பூண்டுக் கரைசல். மூன்று மரத்துக்குத் தெளிப்பே கிடையாது, உரம் மட்டும். மிச்ச ரெண்டு மரம் ரொம்ப உயரம், யாரும் ஏற மாட்டேன் என்கிறார்கள், அவை கணக்கில் இல்லை. மரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு, ரெண்டு கோடு, மூணு கோடு போட்டு வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு வகையிலும் நாலு குரும்பை எடுத்து, தொப்பியைப் பிரித்து, தூசி எத்தனை, ஓடுவது எத்தனை என்று இரண்டு பத்தியாக நோட்டில் எழுதுகிறேன். முதல் மாதம் முடிந்துவிட்டது. ஒரு மாதத்து எண்ணிக்கையை வைத்து எதுவும் சொல்லக்கூடாது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொன்னதால் இங்கே எழுதவில்லை.

குரும்பை பிரிக்கும்போது உடன் இருந்து எண்ண ஆள் வேண்டும். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு இடைவேளையில் உயிரியல் ஆய்வகத்துக்கு வாருங்கள். நகம் வெட்டிவிட்டு வரவும்.

— 11ஆம் வகுப்பு, 'அ' பிரிவு